முப்பது கிலோ மூட்டையின் கணக்கு

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை என்றால் நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கழுதை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறும் படம் தவறாமல் செய்தித்தாளில் வரும். இயந்திரம் ஏறுவது எப்போதோ ஒருமுறை. அரிசியும் மளிகையும் பல காலமாக அதே பாதையில், அதே கழுதைகளில்தான் ஏறின. சாலை முடிந்த இடத்துக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில கிலோமீட்டர்தான் அரிசியின் உண்மையான விலையைத் தீர்மானிக்கிறது என்பது கீழே இருப்பவர்களுக்குப் புரியாது, மேலே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிலநடுக்கத்துக்குப் பிறகு சாலையில்லாத மலை ஊர்களுக்கு நிவாரண உணவு அனுப்பும்போதும் கணக்கு இதேதான். நேபாளத்தை வைத்துப் பார்ப்போம். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. மையம் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் அருகே. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று வந்து, முதல் தடவை தப்பித்த சுவர்களையும் பாதைகளையும் சாய்த்தது. காத்மாண்டுவுக்கு உணவு வந்து சேர்ந்ததில் பெரிய அதிசயம் இல்லை. நிவாரணச் சரக்கைக் கையாள்வதற்கென்றே விமான நிலையத்தை ஒட்டி ஒரு கிடங்கு வளாகம் அதற்கு முந்தைய மாதம்தான் திறக்கப்பட்டிருந்தது. ஒற்றை ஓடுபாதை பழுதாகி, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கக் கூடாது என்று தடை போட்ட பிறகும் சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சிக்கல் அதற்கு மேலே. கோர்க்கா, தாதிங், ரசுவா, சிந்துபால்சோக், தோலகா மாவட்டங்களின் உள்மலைகளில் பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது. இருந்த நடைபாதையும் சரிந்துபோயிருந்தது.

நிவாரணம் திரட்டுகிற எல்லோரும் கணக்கை லாரியிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை டன் சேர்ந்தது, எத்தனை லோடு போனது என்று. மலைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கடைசியில் அதைத் தூக்கப் போகும் முதுகு எத்தனை கிலோ தாங்கும், அந்த முதுகு ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்பதில் தொடங்கி, அங்கிருந்து கீழே இறங்கி லாரிக்கு வர வேண்டும். சாக்கின் அளவு, பருப்பின் வகை, எண்ணெய் டின்னா கேனா என்பதெல்லாம் அந்த முதுகு முடிவு செய்வது.

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். 200 குடும்பம், வீட்டுக்கு ஐந்து பேர், மொத்தம் 1,000 தலை. உலகெங்கும் நிவாரணக்காரர்கள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்று திட்டமிடச் சொல்கிறது. வழக்கமான பொட்டலம்: அரிசி 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 30, உப்பு 5. கூட்டிப் பார்த்தால் 1,900 சொச்சம்தான் வரும். மீதியை அந்த ஊரின் உருளைக்கிழங்கு, கீரை, இடிபாட்டிலிருந்து தோண்டியெடுத்த சோளம் ஆகியவை ஈடுகட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரே மண்ணுக்குள் போன இடத்தில் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அங்கே அரிசியை 450 கிராமாக ஏற்ற வேண்டும்.

400 கிராம் கணக்குப்படி, ஒரு குடும்பத்துக்கு 15 நாளைக்கு அரிசி 30 கிலோ, பருப்பு நாலரைக் கிலோ, எண்ணெய் இரண்டேகால் கிலோ, உப்பு 375 கிராம். ஆக மொத்தம் 37 கிலோ. ஊருக்கு 6 டன் அரிசி, 900 கிலோ பருப்பு, 450 கிலோ எண்ணெய், 75 கிலோ உப்பு, சுமார் 7.4 டன். ஒரு லாரிகூட நிரம்பாது. ஆனால் முதுகுக்கு 30 கிலோ என்றால் இது 250 சுமை. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கி வரக்கூடிய ஊராக இருந்து, 40 பேர் கிடைத்தால், ஒரு வாரம். அது முடிந்து ஒரு வாரத்தில் அடுத்த 15 நாள் ரேஷன் வாசலில் நிற்கும்.

உப்பைப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். 75 கிலோதானே, அடுத்த தடவை அனுப்பலாம் என்று கழித்துவிடுவார்கள். கழிக்கக் கூடாது. இமயமலை மண்ணில் அயோடின் குறைவு. கழுத்துக் கழலை அங்கே பழைய நோய். அயோடின் கலந்த உப்பு மலைக்கு மருந்துக்குச் சமம். சாக்கு நனைந்தால் முதலில் கரைந்து வீணாவதும் அதுதான் என்பதால், ஒரு கிலோ பாக்கெட்டுகளை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்ட வேண்டும்.

இனி சாக்கு. கிடங்கிலிருந்து வருவது 50 கிலோ மூட்டை. சமவெளியில் அது வசதி. சரிந்த மலைப்பாதையில் அதை யாரும் தூக்க மாட்டார்கள்; தூக்கினாலும் மூன்றாவது நாள் இடுப்பு போய்விடும். நேபாளத்தில் மலையேற்றச் சுமைக்காரர்களுக்குப் பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட வரம்பு 30 கிலோ. டோகோ என்கிற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, நாம்லோ என்கிற பட்டையை நெற்றியில் மாட்டி இழுத்துக்கொண்டு ஏறுவார்கள். பாரம் முழுக்க நெற்றியிலும் கழுத்திலும் இறங்கும். கூடைக்குள் 50 கிலோ மூட்டை நிற்கவும் நிற்காது.

நம் ஊர் அரிசி மண்டியில் வாங்கினால் கிடைப்பது 25 கிலோ சிப்பம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலத்துக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். 25 ஆனாலும் 26 ஆனாலும், குடும்பத்துக்கு 30 கிலோ என்ற கணக்கோடு அது ஒட்டாது. ஒட்டாத கணக்கைப் பங்கீட்டு இடத்தில் சரிசெய்யப் போனால் சாக்கைப் பிரித்து, படியால் அளந்து, பாதியைச் சிந்தி, சண்டையில் முடியும். இரண்டு வழி உண்டு. ஒன்று, 25 கிலோவை அப்படியே கொடுத்து அதைப் 12 நாள் ரேஷன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது. இன்னொன்று, சாலை முடிகிற இடத்துக்கு வரும் முன்பே 15 கிலோ சாக்குகளாக மாற்றிக் கட்டுவது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. 15 கிலோ சாக்கு இரண்டு என்றால் ஒரு சுமைக்காரரின் முழுச் சுமை. அதே இரண்டு ஒரு குடும்பத்தின் 15 நாள் அரிசி. கோவேறு கழுதைக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. பங்கீட்டு இடத்தில் அளக்கவே வேண்டாம், எண்ணினால் போதும். வயதான அம்மா ஒருவர் ஒரு சாக்கை வீட்டில் வைத்துவிட்டு அடுத்ததற்கு வரலாம். மாற்றிக் கட்டுவதற்கான கூலியும் சாக்கு விலையும் கூடுதல் செலவுதான். சிந்துகிற அரிசியோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பின்னல் பிளாஸ்டிக் சாக்கு இரண்டடுக்காக இருக்க வேண்டும். பாறை உரசினால் வெளிச்சாக்கு கிழியும், உள்சாக்கு காப்பாற்றும். வாயைத் தைக்கும்போது இரண்டு மூலையிலும் பிடிக்கக் காது விட வேண்டும். சுமைதூக்குவோரின் இரும்புக் கொக்கியை இந்தச் சரக்கின் பக்கமே விடக் கூடாது. கோணியில் அது போட்ட ஓட்டை தானாகச் சேர்ந்துகொள்ளும், பிளாஸ்டிக்கில் ஓட்டை ஓட்டையாகவே இருந்து வழி நெடுக அரிசி கொட்டும். நூற்றுக்கு இரண்டு வெற்றுச் சாக்கும், கோணி ஊசியும், சணலும் ஒவ்வொரு லோடோடும் போக வேண்டும். அரிசியின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போட்டு நீங்களே அதைப் பூசணம் பிடிக்க வைக்கிறீர்கள் என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த அரிசிக்குத்தான் அந்த உறை.

எண்ணெயில் தவறு செய்வது மிகச் சுலபம். ஒரு லிட்டர் பாக்கெட் மலிவு, பிரித்துக் கொடுக்கவும் எளிது. ஆனால் கூடைக்குள் ஒன்று உடைந்தால் போதும், கீழே இருக்கிற அரிசி முழுக்க ஊறிச் சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். 15 கிலோ டின் உடையாது, ஆனால் மலைமேல் அதை ஏழு வீட்டுக்குப் பிரிக்க யாரிடமும் பாத்திரம் இருக்காது, பாத்திரமெல்லாம் இடிபாட்டுக்குள். 5 லிட்டர் கேன்தான் பொருத்தம். அதில் இருப்பது சுமார் நாலரைக் கிலோ எண்ணெய். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 கிராம் வீதம் சரியாக ஒரு மாதம். அதனால் எண்ணெயை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, அரிசியை 15 நாளுக்கு ஒருமுறை என்று பிரித்துக்கொள்ளலாம். காலி கேன் தண்ணீர் எடுக்க உதவும். நிலநடுக்கத்துக்குப் பிறகு பல இடங்களில் ஊற்று வற்றியோ இடம் மாறியோ போகிறது, தண்ணீருக்கு நடை கூடுகிறது.

பருப்புக்கு வருவோம். தருமபுரியில் பருப்பு என்றாலே துவரை. அதைத் தூக்கிக்கொண்டு இமயமலைக்குப் போனால் அது வேகாது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் சுமார் ஒரு டிகிரி குறையும். 3,000 மீட்டரில் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர வேகாது. குக்கர் இருந்தால் சமாளிக்கலாம், அது மண்ணுக்கடியில் கிடக்கிறது. விறகு நனைந்திருக்கிறது. அந்த நிலையில் கொண்டைக்கடலையோ முழுப்பயறோ கொடுப்பது ஒரு பாரத்து விறகையும் தூக்கிவரச் சொல்வதற்குச் சமம். சமவெளியில் 20 நிமிடத்தில் வெந்துவிடுகிற மைசூர் பருப்பு, அல்லது உடைத்த பாசிப்பருப்பு. இவை இரண்டும்தான் மலைக்கு. அரிசியிலும் பச்சரிசிதான் நல்லது, புழுங்கலுக்கு அடுப்பு அதிக நேரம் எரிய வேண்டும்.

கேழ்வரகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் மனதில் அந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும். நேபாள நடுமலைகளில் கோதோ என்று விளைவது நம் கேழ்வரகேதான். அதன் மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டி, திதோ என்று சாப்பிடுகிறார்கள். களி தின்று வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அப்படியானால் ராகி அனுப்பலாமா? தானியமாக அனுப்பினால் அது அற்புதமான சரக்கு. பூச்சி அரிக்காது, காய்ந்ததாக இருந்தால் வருடக்கணக்கில் கெடாது, சாக்கு பிய்ந்தாலும் காற்றில் ஆறிக்கொள்ளும். தடங்கல் அரைப்பதில் இருக்கிறது. கைத்திருகைகள் வீட்டோடு புதைந்துவிடும். ஓடைத் தண்ணீரில் ஓடுகிற கட்டா என்னும் ஆலைகள், வாய்க்கால் உடைந்தாலோ ஓடையே திசை மாறினாலோ நின்றுவிடும். அரைத்து மாவாக அனுப்பினால் ஈரம் பட்டதும் கட்டி தட்டும், சில வாரங்களில் கசக்கத் தொடங்கும், வண்டும் வைக்கும். அதனால் முதல் மாதத்துக்கு ராகி வேண்டாம். திருகைகளைத் தோண்டியெடுத்து, ஆலை வாய்க்காலைச் சரிசெய்த பிறகு ராகி தானியம் அனுப்பினால் அரிசியைவிட நிம்மதி. 2023இல் நம் மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் வந்தபோதும் தானியமாகக் கொடுத்தார்கள், மாவாக அல்ல. காரணம் எங்கும் ஒன்றுதான். இன்னும் உயரத்தில், திபெத்திய வழக்கமுள்ள ஊர்களில், வறுத்த பார்லி மாவு சாம்பாதான் சாப்பாடு. அது அடுப்பே கேட்காது.

அடுப்பு கேட்காத உணவு முதல் நான்கைந்து நாட்களுக்கு எல்லோருக்கும் வேண்டும். 100 கிராமில் சுமார் 450 கிலோகலோரி தருகிற சத்து பிஸ்கட்டைத்தான் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அந்த நாட்களில் இறக்கும். நேபாளிகளுக்குப் பழகிய மாற்று அவல். அவர்கள் சியுரா என்பார்கள், ஊறவைக்காமலே மெல்லுவார்கள். அவல், பொட்டுக்கடலை, வெல்லம் மூன்றும் தனித்தனிப் பையில் போட்டால், பாலக்கோடு வெல்லத்துக்கும் ஒரு வேலை கிடைக்கும். கலந்து கட்டினால் வெல்லம் கசிந்து அவலைப் பாழாக்கும்.

பால்பவுடர் டின் மட்டும் அனுப்பவே கூடாது. கைக்குழந்தைகளுக்கு என்று ஆசையாகச் சேர்ப்பார்கள். கொதிக்க வைக்க விறகில்லை, பாட்டில் கழுவ நல்ல தண்ணீரில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தாய்க்குப் பால் வற்றல். தாய்க்குக் கூடுதலாகச் சாப்பாடு கொடுத்தால் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு நம் அங்கன்வாடி சத்துமாவு மாதிரியான, முன்பே வேகவைத்து அரைத்த மாவு தனியாக வேண்டும். 400 கிராம் சோற்றை அந்த வயிறு கொள்ளாது.

இவ்வளவும் கட்டி முடித்தாயிற்று. இனி யார் தூக்குவது?

நேபாளத்தில் உலக உணவுத் திட்டம் இதற்கு நேபாள மலையேற்றச் சங்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான சுமைக்காரர்களையும் கோவேறு கழுதைகளையும் இறக்கியது. எவரெஸ்ட் அடிவார முகாமைப் பனிச்சரிவு மூடி அந்தப் பருவமே அத்தோடு முடிந்துபோனதால் பாதையைக் கைரேகை மாதிரி அறிந்தவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். கூலி அவர்கள் வீட்டுக்கும் போனது. முதலில் அனுப்பியது அரிசியைக்கூட அல்ல. கடப்பாரை, மண்வெட்டி, கயிறு, கம்பிவலையோடு பாதை போடும் ஆட்களை. சரிவின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குத் தடம் வெட்டி, தளர்ந்த கல்லை மேலிருந்து உருட்டிவிட்டு, தொங்குபாலத்தின் வடம் கட்டிய அடித்தூண் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சுமை ஏற வேண்டும். நம் ஆட்கள் இந்த வரிசையை எப்போதும் மாற்றிப் போடுவார்கள். அரிசி போய்ப் பாதையில் நிற்கும், பின்னால் மண்வெட்டி போகும்.

சுமைக்காரர்களும் சாப்பிடுவார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் ஏராளம். நாள் முழுக்க 30 கிலோ தூக்கி ஏறுகிறவருக்கு நாளொன்றுக்கு உலர்தானியமாக ஒரு கிலோ வரை வேண்டும். ஒரு நாள் பாதையில் இது பெரிய விஷயமில்லை. போக நான்கு நாள், வர நான்கு நாள் என்கிற ஊருக்கு அவர் 8 கிலோவைத் தானே தின்கிறார். தூக்கிய சுமையில் கால்பங்குக்கு மேல். ஆறு நாள் பாதையென்றால் 12 கிலோ. மீதி 18 கிலோதான் ஊருக்கு. அதற்கும் அப்பால் தோளில் அரிசி அனுப்புவது அரிசியை நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கிற வேலை. பாதையை ஒரு நாள் தூரங்களாக வெட்டி, ஒவ்வொரு முடிவிலும் சிறு கிடங்கு வைத்து, ஒரு குழு தன் துண்டில் மட்டுமே ஏறி இறங்கும்படி செய்தால் ஓரளவு குறையும். அந்தந்த ஊர்க்காரர்களே அந்தந்தத் துண்டைத் தூக்கினால் ராத்திரிச் சோறு வீட்டில். கூலியை அன்றன்றைக்கே, சில்லறை நோட்டாகக் கொடுக்க வேண்டும். தலைக்கவசமும் காப்பீடும் இல்லாமல் ஒருவரையும் சரிவில் ஏற்றக் கூடாது. மழை பெய்த மறுநாளும், பின்னதிர்வு வந்த அன்றும் ஓய்வு. காலையில் கட்டி நிற்கிற மண் பிற்பகலில் வழுக்குகிறது, ஆகவே எல்லாச் சுமையும் நண்பகலுக்கு முன் கடினமான சரிவைத் தாண்டியிருக்க வேண்டும்.

விலங்குகள் விஷயத்தில் நம் நாட்டில் 1965ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200 என்பது உச்சவரம்பு. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை கூடாது. அந்த 200 கிலோ நல்ல பாதைக்கானது. உடைந்த மலைப்படியில் கோவேறு கழுதைக்கு 60 கிலோவே நியாயம். கழுதைக்கு 50 கிலோ அனுமதி என்று ஒற்றை மூட்டையை முதுகின் நடுவில் வைத்துக் கட்டுவதைப் பார்க்கலாம்; அது ஒரு பக்கம் சரிந்து, சேணம் தோலை அறுத்து, மூன்று நாளில் புண். இரண்டு பக்கமும் சம எடை தொங்க வேண்டும். உயரமாகக் கட்டினால் பாறை ஓரத்தில் முட்டி விலங்கையே பள்ளத்தில் தள்ளும். நிலநடுக்கம் கண்ட விலங்குக்கு ஒவ்வொரு பின்னதிர்விலும் மிரட்சி. தொங்குபாலத்தில் ஒவ்வொன்றாகத்தான் விட வேண்டும். தீவனமும் கூடவே ஏற வேண்டும், மேலே புல் இருந்தாலும் உழைக்கிற கோவேறு கழுதைக்குத் தானியம் தனி. லாடமும் ஆணியும் மூட்டையில் இல்லாவிட்டால் நொண்டி நிற்கும் ஒரு விலங்குக்காகப் பின்னால் வருகிற பத்தும் நிற்கும்.

ஹெலிகாப்டரைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் தொலைக்காட்சி அதை நீட்டிக் காட்டிவிடுகிறது. எம்ஐ-8 என்கிற பெரிய ஹெலிகாப்டர் சமவெளியில் நான்கு டன் ஏற்றும். உயரம் கூடக்கூடக் காற்று இளைக்கிறது, 3,000 மீட்டர்ப் பக்கம் இரண்டு டன் என்று வைத்துக்கொள்வது பத்திரம். நம் 200 குடும்ப ஊருக்கு நான்கு நடை. சிறிய ஹெலிகாப்டரானால் அரை டன் வீதம் பதினைந்து நடை. மதியம் மேகம் ஏறிவிடும், பறப்பதெல்லாம் காலையில். இறங்குமிடத்தில் பெரிய அபாயம் தகரம்: வீடிழந்த ஊரில் கூரைத் தகரங்கள் சும்மா கிடக்கும், சுழல் காற்று அவற்றைக் கத்தி போலத் தூக்கும். ஹெலிகாப்டர் வருவதற்கு முன் சுற்றுவட்டாரத் தகரத்தின் மேல் கல் வைத்து, மக்களை ஒரே பக்கமாக உட்கார வைத்து, வால் பக்கம் யாரும் போகாதபடி ஆள் நிறுத்த வேண்டும். மேலிருந்து மூட்டையைப் போடுவது கடைசி வழி. சாக்கு வெடித்து அரிசி மண்ணோடு கலக்கும், ஓடி வருகிறவர் தலையில் விழும். பாதை முற்றாக அறுந்த ஊர்களுக்கு மட்டும் ஹெலிகாப்டர், திரும்பும்போது காயம்பட்டவர்கள். மற்ற எல்லா ஊருக்கும் முதுகுதான்.

நேரம் இரண்டு பக்கமும் இறுக்கும். நேபாளத்தில் ஜூன் இரண்டாவது வாரவாக்கில் மழை பிடிக்கும். ஏப்ரலில் தளர்ந்த மலை அப்போது இறங்கும். நெல் நாற்று நடும் காலமும் அதுவே. விதை வீட்டுக்குள் புதைந்துவிட்டதால் உணவோடு விதையும் ஏற வேண்டியிருந்தது; ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 5 கிலோ நெல் விதைப் பைகளையும் காற்றுப்புகாத சேமிப்புப் பைகளையும் கொடுத்தது அதனால்தான். சாப்பாடு போகாவிட்டால் விதையைத் தின்பார்கள், பிறகு அடுத்த வருடத்துக்கும் நிவாரணம் போக வேண்டும். மழை விட்டபின் பனிக்கு முன் மூன்று மாதச் சரக்கை மேலே ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், 2015 செப்டம்பரில் எல்லையில் சரக்கு நின்றுபோய் டீசல் பஞ்சம் வந்தது, பிப்ரவரி வரை நீடித்தது. 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கத்தில் பனிக்கு முன் கிடைத்தது சில வாரங்களே. அங்கே கற்றுக்கொண்ட இன்னொன்று: ஆடுமாட்டை விட்டுவிட்டு முகாமுக்கு இறங்கி வா என்றால் மலைக்காரர்கள் வர மாட்டார்கள். நம் பக்கத்து மலை ஊர்களான சித்தேரியிலோ பெட்டமுகிலாளத்திலோ கேட்டாலும் இதே பதில்தான் வரும். சோறு அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும், கூடவே கூரைக்குத் தகரமும்.

மேலே போன மூட்டையை வைக்க இடம் தேடுகையில் பள்ளிக்கூடம் கண்ணில் படும். விரிசல் விட்ட கட்டடத்துக்குள் பத்து டன் அரிசியையும் அதைத் தூக்குகிற ஆட்களையும் விடக் கூடாது. வெளியே கூடாரம், தரையில் மரச்சட்டம், அதன்மேல் அடுக்கு, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஆள் நடக்க இடம், சுற்றிலும் தண்ணீர் வடியச் சிறு வாய்க்கால். தார்ப்பாயைச் சாக்கின் மேலேயே போர்த்தினால் இரவில் அடியில் வேர்த்து மேலடுக்கு நனையும். கம்பு நட்டு இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். தினமும் ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கவும். சூடாக இருந்தால் அந்த அடுக்கைப் பிரித்து அன்றே காய வைக்க வேண்டும்.

பங்கீட்டில் எடை, எண்ணிக்கை ஆகியவற்றைவிடச் சிக்கல் பட்டியலில். யார் பெயர் எழுதுகிறார்களோ அவர்கள் தெரு முதலில் வரும். நேபாளத்தில் தலித் குடியிருப்புகள் கடைசியில் தள்ளப்பட்டதாகப் புகார் எழுந்தது. காலனிக்குத் தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில் வைப்பார்கள் என்று தெரிந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. ஊர்ப் பெரியவர் கையில் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், வீடு வீடாக நடந்து எழுதி, எல்லோர் முன்பும் உரக்கப் படித்து, விடுபட்டவர்களைச் சேர்த்து, சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு தராசும், குடும்பத்துக்கு எவ்வளவு என்று படம் போட்ட பலகையும் வரிசையின் தொடக்கத்திலேயே இருந்தால் பாதிச் சச்சரவு குறையும். அட்டை பெண்கள் பெயரில். முதியவர், மாற்றுத்திறனாளி, நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரின் சாக்கை வீட்டில் சேர்க்கச் சுமைக்காரர் இருவரைக் கடைசி நாள் வரை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பாதை திறந்து, ஊர்க் கடைக்காரரின் கோவேறு கழுதைகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டால் அரிசி அனுப்புவதை நிறுத்திப் பணம் கொடுக்கலாம். அதற்கு மேலும் இலவச அரிசி போனால் அந்தக் கடையை நாமே மூடுகிறோம்.

நம் பக்கத்தில் அடுத்த தடவை யாராவது லாரி கட்டினால் சில வார்த்தை. பழைய துணி, புளி, ஊறுகாய், பல தினுசு மளிகை கலந்த பைகள் எதுவும் வேண்டாம். பிரிக்கிற ஆட்கூலி பொருளின் விலையைத் தாண்டும். ஒரு லாரியில் ஒரே சரக்கு, அல்லது இரண்டு. புறப்படும் முன் எல்லைக்கு அந்தப் பக்கம் சரக்கைப் பெற்றுக்கொள்ளும் அமைப்பின் கடிதம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பீகாரின் எல்லை ஊரான ரக்சோலில் வரிசையில் நிற்கும்போது தார்ப்பாய்க்குள் அரிசி வேகும். சாக்கின் மேல் தமிழில் எழுதி என்ன பயன்? எடையைப் பெரிய எண்ணில் இரண்டு பக்கமும் அச்சிட்டு, அரிசிக்கு வெள்ளைச் சாக்கு, பருப்புக்குப் பச்சை, சத்துமாவுக்குச் சிவப்பு என்று நிறத்தால் பிரித்தால் எழுத்துத் தெரியாத மங்கல் வெளிச்சத்திலும் அடுக்கலாம். நன்கொடையாளர் பெயரும் படமும் சாக்கில் வேண்டாம், அந்த இடத்தில் ஈரம் படாமல் வைக்கவும் என்பதற்கான குடைப் படம் போதும். சலான் நான்கு பிரதி: லாரிக்காரர், சாலைமுனைக் கிடங்கு, சுமைக்குழுத் தலைவர், ஊர்க் கமிட்டி. ஒவ்வொன்றிலும் வந்தது, நனைந்தது, கிழிந்தது, குறைந்தது என்று நான்கு கட்டம் இருக்கட்டும். முதல் இரண்டு நடையில் எந்தக் கட்டம் நிரம்புகிறது என்று பார்த்து, மூன்றாவது நடைக்குச் சாக்கையோ பாதையையோ மாற்ற வேண்டும்.